பிறப்பும் பெருக்கமும்: பெத்னல் கிறீன் கணக்குப் பற்றிய ஒரு மதிப்பீடு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்த மரபு நம்முடையது. எழுத்திலே பிழை நேர்ந்தால் அதனைக் கண்டு திருத்தும் புலவர் நம்மிடையே என்றும் இருந்துள்ளனர். எண்ணிலே நேரும் பிழையோ அவ்வாறு எளிதிற் புலப்படுவதில்லை. அச்சேறிய ஓர் எண், அஃது எவ்வாறு பெறப்பட்டது என்று வினவுவாரின்றி நூலிலிருந்து நூலுக்குச் சென்று, ஈற்றிலே ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல நிலைத்துவிடுகின்றது. விக்ரோறியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தின் சமூக வரலாற்றைக் கற்கும் மாணாக்கர் பலரும் எதிர்ப்படும் ஓர் எண் இத்தகையது. கிழக்கு இலண்டனைச் சேர்ந்த பெத்னல் கிறீன் என்னும் பகுதியிலே, 1840ஆம் ஆண்டளவில், தொழிலாளர் சராசரியாகப் பதினாறு வயதிலே இறந்தனர் என்பதே அது. இவ்வெண் பொய்யன்று. ஆயின் அதனைப் படிப்போர் கொள்ளும் பொருள் பெரும்பாலும் பொய்யாகும். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஆராய்வதும், அவ்விடைவெளியிற் பிறப்பு வீதமும் குடிப்பெருக்கமும் வகிக்கும் பங்கினை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இடத்தை அறிந்துகொள்வது நன்று. பெத்னல் கிறீன் இலண்டன் நகரின் பழைய மதிலுக்கு வடகிழக்கே அமைந்த ஒரு பரிபாலனப் பகுதி; 1965ஆம் ஆண்டு முதல் ரவர் ஹம்லெற்ஸ் என்னும் பெரும்பிரிவினுள் அடங்கியுள்ளது. பிரான்சு தேசத்திலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி வந்தோரின் வழித்தோன்றல்கள் அயலிலுள்ள ஸ்பிற்றல்பீல்ட்சிலும் இங்கும் பட்டு நெசவை வளர்த்தனர். நெசவாளர் கூலியைக் காத்து நின்ற சட்டங்கள் 1824ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. அந்நியப் பட்டின் இறக்குமதித் தடை 1826ஆம் ஆண்டில் எடுபட்டது. 1860ஆம் ஆண்டின் பிரெஞ்சு வர்த்தக உடன்படிக்கை எஞ்சியிருந்த தறிகளையும் அடங்கச் செய்தது. நெசவு நலிந்த இடத்திலே தளபாடத் தொழிலும், வீட்டுக்குள்ளே பெண்களும் பிள்ளைகளும் தீப்பெட்டிக் கூடுகளை ஒட்டும் தொழிலும் பெருகின. தொழில் நலிந்தபோதும் சனத்தொகை குறையவில்லை. 1801ஆம் ஆண்டிலே 22,310 ஆக இருந்த குடித்தொகை 1841ஆம் ஆண்டில் 74,088 ஆகவும், 1871ஆம் ஆண்டில் 120,104 ஆகவும், 1901ஆம் ஆண்டில் 129,680 ஆகவும் உயர்ந்தது. ஒரு நூற்றாண்டிலே ஏறத்தாழ ஆறு மடங்கு பெருகிய இப்பகுதி, நகர வாழ்வின் கேடுகளை எடுத்துக்காட்ட விரும்பிய எழுத்தாளர் அனைவருக்கும் ஏற்ற உதாரணமாயிற்று.

அவர்களுள் முதன்மையானவர் எட்வின் சட்விக். வறியோர் சட்ட ஆணைக்குழுவின் செயலாளராயிருந்த அவர், பெரிய பிரித்தானியாவின் உழைக்கும் மக்களது சுகாதார நிலை பற்றி 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை உலகின் பொதுச் சுகாதார வரலாற்றிலே ஒரு மைல்கல்லாகும். வறியோர் நோயுறுவது விதியினாலன்று. கழிவுநீர் தேங்குவதாலும், நல்ல நீர் கிடையாமையாலும், நெருக்கத்தாலுமே என்று நிலைநாட்ட அவர் முற்பட்டார். தம் வாதத்துக்குச் சான்றாக, பல இடங்களில் மூவகை மக்கள் இறந்த சராசரி வயதை அட்டவணையாகத் தந்தார். பெத்னல் கிறீனிலே கனவான்களும் உயர்தொழிலினரும் அவர்தம் குடும்பத்தினரும் இறந்த சராசரி வயது 45. வணிகர் குடும்பத்தினர்க்கு 26. கைத்தொழிலாளர், ஏவலாளர், கூலியாளர் குடும்பத்தினர்க்கு 16. மன்செஸ்ரரில் இவை முறையே 38, 20, 17. லிவர்பூலில் 35, 22, 15. நாட்டுப்புறமான றட்லண்டிலோ 52, 41, 38. நகரத்துக் கனவானும் நாட்டுப்புறக் கூலியாளும் ஒரே வயதிற் சாகின்றனர் என்னும் செய்தி படித்தோர் நெஞ்சைத் தைத்தது. 1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறப்பதற்கு இவ்வறிக்கை பெருந்துணை புரிந்தது என்பதை எவரும் மறுக்கார்.

நோக்கம் உயர்ந்தது, பயனும் நல்லது. ஆதலால் அளவுகோலும் செம்மையானது என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. இறந்தோரின் சராசரி வயது, ஓரிடத்து மக்கள் எத்தனை ஆண்டு வாழ எதிர்பார்க்கலாம் என்பதைக் காட்டுவதன்று. அஃது அவ்விடத்திலே சிறுவர் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர் என்பதைப் பெரிதும் சார்ந்தது. ஓர் எளிய கணக்கினால் இதனை விளக்குவாம்.

இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்க. இரண்டிலும் பிறக்கும் பிள்ளைகளுள் ஐந்தில் ஒரு பங்கினர் குழந்தைப் பருவத்திலே, சராசரி ஒரு வயதில் இறக்கின்றனர். இரண்டிலும் வளர்ந்தோர் தொகை 20,000. அவர்களுள் ஆண்டுக்கு 400 பேர், சராசரி 50 வயதில் இறக்கின்றனர். எனவே, உயிருக்கு நேரும் ஆபத்து இரு ஊர்களிலும் ஒன்றே. ஆயின் முதலாவது ஊரில் ஆண்டுக்கு 1,000 பிள்ளைகளும், இரண்டாவது ஊரில் 500 பிள்ளைகளும் பிறக்கின்றனர். முதலாவது ஊரிலே குழந்தைகள் 200 பேரும் வளர்ந்தோர் 400 பேரும் இறக்க, இறந்தோரின் சராசரி வயது ஏறக்குறைய 34 ஆகும். இரண்டாவது ஊரிலே குழந்தைகள் 100 பேரும் வளர்ந்தோர் 400 பேரும் இறக்க, சராசரி வயது 40 ஆகும். ஒரு வடிகாலும் வெட்டப்படவில்லை; ஒரு கிணறும் தூய்மை செய்யப்படவில்லை. பிறப்புக் குறைந்ததனால் மட்டுமே ஆயுள் ஆறாண்டு கூடியது போன்ற தோற்றம் உண்டாயிற்று. மறுதலையாக, பிள்ளைகள் நிறைந்த ஊர் எதுவாயினும், அங்கு இறந்தோரின் சராசரி வயது தாழ்ந்தே காணப்படும்; அங்கே குழந்தைகள் பிழையாது இறக்கின்றனர் என்பதாலன்று, இறத்தற்குரிய குழந்தைகள் அங்கே மிகுதியாக உளர் என்பதாலேயாம்.

இந்தப் பிழையை இக்காலத்து நாம்தான் கண்டுபிடித்தோம் என்று இறுமாத்தல் ஆகாது. ஆயுட் காப்புறுதிக் கணிதரான நீசன் என்பார் 1844ஆம் ஆண்டிலேயே இலண்டன் புள்ளிவிபரக் கழகத்தின் முன் இதனை எடுத்துக்கூறினார். இரண்டு பகுதிகளை ஒப்பிட வேண்டுமாயின், ஒன்றின் மக்கள் வயதுவாரியாக எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளனரோ அதே பகுப்பினை மற்றதற்கும் ஏற்றி, அதன்மேல் ஒவ்வொரு வயதினர்க்கும் உரிய இறப்பு வீதத்தைப் பெய்து பார்த்தல் வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. இக்காலத்துப் புள்ளிவிபரவியலார் நியமப்படுத்தல் என்று வழங்கும் முறையின் தொடக்கங்களுள் இஃது ஒன்றாகும். அறிக்கை தோன்றி ஈராண்டுக்குள் மறுப்பும் தோன்றிவிட்டது. இருந்தும் அறிக்கையின் எண்களே பாடநூல்களில் இடம்பெற்றன. மறுப்பினை அறிந்தார் சிலரே.

சட்விக்கின் அட்டவணையிலே இன்னுமொரு குறையும் உண்டு. அவர் வகுத்த மூன்று வகுப்புகள் பிறப்பினால் நிலைபெற்றவையல்ல. முப்பது வயதில் வணிகனாயிருந்தவன், பொருள் சேர்த்து, அறுபது வயதில் ஓய்ந்திருந்து இறப்பின், கனவான் என்று பதியப்படுதல் கூடும். நெடிது வாழ்ந்தமையே அவனை மேல்வகுப்பில் ஏற்றியது. மேல்வகுப்பு அவனை நெடிது வாழவைத்தது என்று கணக்கு கூறுகின்றது. காரணமும் காரியமும் இங்கே இடம் மாறி நிற்கின்றன.

இவ்வாறு கூறுவதால், நகரத்து வறியோர் நிலை அத்துணைக் கொடியதன்று என்று வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. உண்மை இதற்கு நேர்மாறானது. 1837ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடங்கிய அரசாங்கப் பதிவு முறையின்கீழ்ப் பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்திற் பணியாற்றிய வைத்தியர் வில்லியம் பார், வயதுவாரியான இறப்பு வீதங்களைக் கொண்டு முறையாக ஆயுள் அட்டவணைகளை அமைத்தார். அவற்றின்படி 1841ஆம் ஆண்டளவிற் சரே நாட்டுப்புறத்திலே பிறந்த குழந்தை எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 45 ஆண்டு, இலண்டனில் 37, லிவர்பூலில் 26. இவ்வெண்களிலே பிறப்பு வீதத்தின் நிழல் விழவில்லை. ஆயினும் இடத்துக்கிடம் காணும் ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கின்றது. நல்ல வழக்கொன்றுக்கு நல்ல சான்று இருந்தது. அச்சான்றினை விட்டு, உரத்த குரலுடைய வேறொரு சான்றினைக் கைக்கொண்டமையே சட்விக்கின் குற்றம். பிழைபட்ட சான்றினால் வென்ற வழக்கை, அப்பிழை வெளிப்படும் நாளில் எதிரி எளிதாகக் கலைத்துவிடுவான் என்பதை மாணாக்கர் மறத்தலாகாது.

இனி, குடிப்பெருக்கம் பற்றிய சட்விக்கின் கொள்கையை நோக்குவாம். கொள்ளைநோய்கள் மிகுந்த மக்கட்டொகையைக் குறைத்து உணவுக்கும் வாய்க்கும் இடையே சமநிலை காக்கின்றன என்னும் எண்ணம், 1798ஆம் ஆண்டில் மல்தஸ் எழுதிய நூலின் செல்வாக்கினால் அக்காலத்துப் பரவியிருந்தது. சட்விக் இதனை மறுத்தார். இறப்பு மிகுந்த பகுதிகளிலே பிறப்பும் மிகுதி. இறந்தோரிடத்தை நிரப்புவதோடு நில்லாது தொகையைப் பெருக்கவும் அது போதியதாகின்றது. ஆகவே நோயினால் நெருக்கம் தீர்வதில்லை என்பது அவர் முடிபு. இரக்கமற்ற ஒரு கோட்பாட்டை எதிர்த்து எழுந்த இக்கூற்று பாராட்டத்தக்கதே. இதில் உண்மையும் உண்டு. பாலுண்ணும் குழந்தை இறந்தால் தாய் விரைவிலே மீண்டும் கருவுறுதல் உடலின் இயல்பு. எனவே சிசு மரணம் மிகுந்த இடத்திலே மகப்பேறுகளுக்கு இடைப்பட்ட காலம் குறுகுதல் இயற்கையே.

ஆயின், இறப்பும் பிறப்பும் ஒருங்கே உயர்ந்திருந்தமைக்கு அஃதொன்றே காரணமன்று. வேலை தேடி நகருக்கு வருவோர் பெரும்பாலும் இளைஞரும் கன்னியருமே. அவர்கள் அங்கேயே மணம் முடித்துப் பிள்ளை பெறுகின்றனர். இவ்வாறு மகப்பேற்று வயதினர் மிகுந்த பகுதியிலே, தம்பதியர் ஒவ்வொருவரும் பெறும் பிள்ளைகளின் தொகை வேறிடங்களை ஒத்திருப்பினும், ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்னும் கணக்கு உயர்ந்தே நிற்கும். மேலும், பிறப்புப் பதிவேட்டின் நிறைவும் ஆராயப்படல் வேண்டும். 1874ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருமுன்னர், பிறப்பை அறிவிக்கத் தவறிய பெற்றோரைத் தண்டிக்கத்தக்க உறுதியான ஏற்பாடு இருக்கவில்லை. பெருநகரங்களிலே பல பிறப்புகள் பதிவாகாமலே போயின. இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்த பிரதேசத்தின் பிறப்பு வீதம் 1840ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 32 ஆக இருந்து, 1876ஆம் ஆண்டில் 36.3 என்னும் உச்சியை எட்டியதாகப் பதிவேடுகள் காட்டுகின்றன. இவ்வுயர்ச்சியிலே ஒரு பகுதி தொட்டிலில் நிகழ்ந்ததன்று, பதிவேட்டில் நிகழ்ந்தது.

பிறப்பு மிகுந்தால் குடி பெருகும் என்று கருதுவது பொது வழக்கு. பெத்னல் கிறீனின் பிற்கால வரலாறு இவ்வழக்கையும் பொய்ப்பிக்கின்றது. 1881ஆம் ஆண்டில் 126,961 ஆக இருந்த குடித்தொகை 1901ஆம் ஆண்டில் 129,680 ஆயிற்று. இருபதாண்டிற் கூடியோர் 2,719 பேரே. இலண்டனிலே பிள்ளைகள் மிகுந்த பகுதிகளுள் ஒன்றாக அஃது அப்போதும் இருந்தது. பிறப்பு, இறப்பினை ஆண்டுக்கு ஆயிரத்துக்குப் பத்து மட்டுமே விஞ்சியிருந்தது என்று குறைத்துக் கணக்கிடினும், இருபதாண்டில் இருபத்தையாயிரம் பேர் கூடியிருத்தல் வேண்டும். அவர்கள் எங்கே? அவர்கள் இறந்துபோகவில்லை, இடம்பெயர்ந்தனர். தொழிலாளர்க்கெனக் குறைந்த கட்டணத்தில் ஓடிய புகைவண்டிகளும், 1883ஆம் ஆண்டின் மலிவுப் புகைவண்டிச் சட்டமும் வடக்கிலும் கிழக்கிலும் புதுக் குடியிருப்புகளைத் திறந்துவிட்டன. 1851ஆம் ஆண்டில் 19,000 பேரளவிற் கொண்டிருந்த வெஸ்ற் ஹாம் 1901ஆம் ஆண்டில் 267,000 பேருடைய நகராயிற்று. பெத்னல் கிறீன் போன்ற பழைய பகுதிகளின் பிள்ளைகள் இத்தகைய ஊர்களின் குடிப்பெருக்கமாயினர்.

சேரிகளை இடித்தமையும் இதனோடு சேர்ந்தது. பெத்னல் கிறீனின் மேற்கெல்லையில் இருந்த ஓல்ட் நிக்கல் என்னும் சேரியை அகற்றி, இலண்டன் மாவட்டச் சபை அமைத்த பவுண்டரிக் குடியிருப்பு 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இடம் இழந்தோர் 5,719 பேர். அவர்களுள் புதிய வீடுகளிற் குடியேறினோர் 11 பேர் மட்டுமே. வாடகை அவர்க்கு எட்டாததாயிற்று. எஞ்சியோர் அயலிலுள்ள ஏனைய நெருக்கமான தெருக்களிற் புகுந்தனர். ஓரிடத்துக் குடித்தொகை கூடியதும் குறைந்ததும் கண்டு அவ்விடத்து மக்களின் இயல்பினை உரைக்க முற்படுவோர், இப்பதினொருவரை நினைவுகூர்தல் நன்று.

விக்ரோறியா காலம் முடிந்தபின் இவ்வாராய்ச்சி வேறொரு திசையிற் சென்றது. 1876ஆம் ஆண்டின் பின்னர்த் தேசத்தின் பிறப்பு வீதம் தொடர்ந்து இறங்கி, 1901ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு 28.5 அளவில் வந்து நின்றது. செல்வர் குடும்பங்களிலே இவ்விறக்கம் முந்தித் தொடங்கியது. 1906ஆம் ஆண்டில் டேவிட் ஹெறன் என்பார், இலண்டன் பகுதிகளின் வறுமைக்கும் பிறப்பு வீதத்துக்கும் உள்ள தொடர்பினை ஆராய்ந்து, வறிய பகுதிகளே பிள்ளைகளாற் செறிந்தன என்றும், இத்தொடர்பின் வலிமை 1851ஆம் ஆண்டுக்கும் 1901ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இருமடங்காயிற்று என்றும் அறிவித்தார். தகுதி குறைந்தோர் பெருகத் தகுதியுடையோர் அருகுகின்றனர், தேசத்தின் வித்தே கெடுகின்றது என்னும் அச்சம் இதனாற் கிளம்பியது. அறுபதாண்டுகளுக்கு முன்னர் இரக்கத்துக்குரியோராகக் காட்டப்பட்ட அதே மக்கள், இப்போது பழிக்குரியோராயினர்.

ஹெறனின் கணக்கு முறை சட்விக்கினதைக் காட்டிலும் நுட்பமானது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். குடித்தொகை முழுவதையும் கொள்ளாது, மகப்பேற்று வயதிலுள்ள மணமான பெண்களின் தொகையைக் கொண்டே அவர் வீதங்களை அமைத்தார். இவ்வாறு செய்யாதவிடத்து நேரும் பிழை பெரிது. ஹம்ஸ்ரெட், கென்சிங்ரன் முதலிய செல்வப் பகுதிகளிலே வீட்டு வேலைக்கென வெளியூர்களிலிருந்து வந்த மணமாகாத இளம்பெண்கள் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். குடித்தொகையிலே அவர்கள் எண்ணப்படுவர். அவர்கள் மணந்து பெறும் பிள்ளைகளோ வேறிடங்களில் எண்ணப்படும். எனவே செல்வப் பகுதியின் பிறப்பு வீதம், செல்வர் இயல்பினாலன்றி ஏவற்பெண்டிரின் மிகுதியாலும் தாழ்ந்து தோன்றும். 1906ஆம் ஆண்டிலேயே நியூஷோமும் ஸ்ரீவன்சனும் வயதும் மணமும் கருதித் திருத்திய பிறப்பு வீதங்களை வெளியிட்டு இவ்வகைப் பிழைகளைக் களைய முற்பட்டனர். இவ்வாறு திருத்துமிடத்து வேறுபாடு சுருங்கும், முற்றாக மறையாது.

ஆனால், கணக்குச் செம்மையாயினும் அதிலிருந்து பெற்ற முடிபு செம்மையாகாது என்பதற்கு ஹெறன் கூறியதே சான்று. ஐம்பதாண்டிலே தொடர்பு இருமடங்காயிற்று என்கிறார். ஒரு மக்கட் கூட்டத்தின் பிறவி இயல்பு இரண்டு தலைமுறையில் மாறுமோ? மாறாது. மாறியது செல்வர் நடத்தையே. வறியோர் மேலும் மேலும் பிள்ளை பெற்றதால் அன்று, செல்வர் குறைத்துப் பெற்றதாலேயே இடைவெளி விரிந்தது. வறியோர் என்பது ஒரே வகையினதாகவும் இல்லை. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது மணமான பெண்களிடம் மண ஆண்டுகளையும் பிள்ளைகளின் தொகையையும் கேட்டறிந்தபோது, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் மிகப் பெரியனவாகவும், பெண்களும் ஆலைக்குச் சென்று உழைத்த புடவைத் தொழிலாளர் குடும்பங்கள் சிறியனவாகவும் காணப்பட்டன. இரு சாராரும் கூலியாளரே. வேறுபட்டது வாழ்க்கை அமைப்பு. தீப்பெட்டி ஒட்டும் சிறு கைகள் வீட்டுக்கு வருவாயாய் இருந்தவரை பிள்ளை சுமையன்று. 1870ஆம், 1880ஆம் ஆண்டுகளின் கல்விச் சட்டங்கள் அக்கைகளைப் பள்ளிக்கு அழைத்தபின் பிள்ளை செலவாயிற்று. வீதம் இறங்கியதன் காரணங்களுள் இதுவும் ஒன்றென்க.

நம் நாட்டினர் நன்கறிந்த ஒருவரும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றார். காசியிலே 1898ஆம் ஆண்டில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவியவரும், பின்னர்ப் பிரமஞான சபையின் தலைவியுமான அன்னி பெசன்ற் அம்மையாரே அவர். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டமைக்காக 1877ஆம் ஆண்டில் அவரும் சாள்ஸ் பிராட்லோவும் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். அவ்வழக்கு அச்செய்தியை நாடெங்கும் பரப்பியது. வறியோர் அறியாமையால் துன்புறுகின்றனர் என்னும் இரக்கமே அன்று அவரைத் தூண்டியது. பிரமஞான சபையைச் சார்ந்தபின் 1891ஆம் ஆண்டில் தம் நூலின் விற்பனையை அவரே நிறுத்தினார். அவ்வழக்கினால் மட்டுமே பிறப்பு வீதம் இறங்கியது என்று சிலர் எழுதுவர். இறக்கம் அதற்கு முந்திய ஆண்டின் உச்சியிலிருந்தே தொடங்கியமையால், வழக்கினைத் தனிக்காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இரண்டு. வீதம் என்பது ஒரு பின்னம். மேலே நிற்போர் யார், கீழே நிற்போர் யார் என்று வினவாது அதனைக் கைக்கொள்ளலாகாது என்பது ஒன்று. ஒரு பகுதியின் எண் அப்பகுதி மக்களின் குணத்தைக் கூறுவதன்று; அங்கு வந்தோரையும் அங்கிருந்து போனோரையும் பற்றியும் கூறுகின்றது என்பது மற்றொன்று. இலங்கையிலும் 1867ஆம் ஆண்டிற் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் இயற்றப்பட்டது; 1871ஆம் ஆண்டில் முதற் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. விக்ரோறியா காலத்து நிர்வாகம் வகுத்த அதே அச்சிலேதான் நம்மைப் பற்றிய எண்களும் வார்க்கப்பட்டன. அவற்றைப் படிப்போரும் அவ்விரு வினாக்களையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும்.

பெத்னல் கிறீனிலே பதினாறு வயதில் இறந்த சராசரித் தொழிலாளி ஒருவன் என்றும் இருந்ததில்லை. முதற் பிறந்தநாளைக் காணாது இறந்த குழந்தைகள் இருந்தனர். ஐம்பது வயதுவரை தறியில் இருந்து இறந்த தந்தையர் இருந்தனர். இவ்விருவரையும் கூட்டி வகுத்தபோது கிடைத்த எண்ணே பதினாறு. அக்குழந்தையின் துயரத்தையும் அத்தந்தையின் உழைப்பையும் தனித்தனியே காண்பதற்கு, கூட்டியதைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். அப்பொறுமையே திறனாய்வின் முதற் கடமையாகும்.